50 வெள்ளி நன்கொடை கொடுத்தேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கே தப்பு செய்தேன்?

ஈசூன்காரன்:

கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். திட்டுவதாக இருந்தாலும் நேராகத் திட்டுங்கள்.

எங்களுடையது ஆறு பேர் கொண்ட சின்னக் குழு. ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழாவுக்குக் குறும்படம், இங்கே சிங்கப்பூர்த் தேக்காவில் பழைய கடைக்காரர்களோடு பேட்டி என்று ஏதாவது எடுப்போம். திரையில் வசனம் ஓடவிடுவது என் வேலை. நாலு வருடமாக அதற்கு ஓர் இலவச ஓப்பன் சோர்ஸ் (நிரலை எல்லாரும் பார்க்கத் திறந்துவைத்த) மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். பெயர் வேண்டாம், யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் இரண்டு பேர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் உட்கார்ந்து எழுதுவது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அதில் தமிழுக்கு ஒரு தொல்லை உண்டு. கைப்பேசிக்கான ஒடுக்கமான வீடியோ என்றால் 'கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்' மாதிரி ஒரு சொல்லே வரிக்குள் அடங்காது, மென்பொருள் தானாக மடக்கும், மடக்கும்போது எழுத்தையே அறுத்துவிடும். க ஒரு வரியின் கடைசியில் நிற்கும், அதன் புள்ளி மட்டும் அடுத்த வரியில் ஒரு வட்டத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். (நமக்கு 'வணக்கம்' ஐந்து எழுத்து, யூனிகோடில் ஏழு குறியீடு, அது ஏழாகத்தான் எண்ணுகிறது.) ஒவ்வொரு வரியையும் கையால் உடைத்துச் சமாளிக்கிறேன். போன வருடமே இதை அவர்கள் தளத்தில் இஷ்யூவாக, அதாவது பிழைப் புகாராக, பதிந்தேன். நல்ல கண்டுபிடிப்பு, பட்டியலில் சேர்த்துவிட்டோம் என்று பதில் வந்தது, அதோடு சரி.

ஜனவரியில் கையில் கொஞ்சம் போனஸ் காசு இருந்தது, 50 வெள்ளி அனுப்பினேன். அப்போது மனதில் ஒரு கணக்கும் இல்லை, சத்தியமாக. மார்ச் வந்ததும் அவசரம். அந்த இஷ்யூவில் போய், "ஜனவரியில் நன்கொடை கொடுத்திருக்கிறேன், விழாவுக்கு முன்னால் இதைச் சரிசெய்து தர முடியுமா?" என்று எழுதினேன். இரண்டாவது நாள் பணம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு குறிப்பு: இங்கே திருத்தங்கள் விற்பனைக்கு இல்லை, உங்கள் பிழை பட்டியலில் அப்படியே இருக்கிறது, முறை வரும்போது பார்ப்போம். ஒரு சொல்கூட மரியாதைக் குறைவாக இல்லை. அதனால்தான் இன்னும் சுருக்கென்று இருந்தது.

மனைவியிடம் சொன்னால், "மொய் எழுதிட்டுப் பந்தியில உக்காந்து எனக்கு மட்டும் ஏன் ரெண்டாவது பாயசம் வரலன்னு கேட்டிருக்கீங்க" என்கிறாள். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மொய் எழுதியவன் பாயசம் கேட்கக் கூடாதா என்ன?

இன்னொன்றும் இருக்கிறது. குழுவின் கையில் 300 வெள்ளி மீதம். நாங்கள் பயன்படுத்தும் ஆடாசிட்டி (ஒலிக்கு), இங்க்ஸ்கேப் (படம் வரைய), ஓபிஎஸ் (திரைப்பதிவுக்கு), லிப்ரே ஆபீஸ் (ஆவணங்களுக்கு) நாலுக்கும் தலா 75 என்று பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று போன மாதம் பேசி முடிவு செய்தோம். இப்போது எனக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது. எவ்வளவு கொடுத்தால் முறை, எங்கே கொடுப்பது, கொடுத்ததை வாய்விட்டுச் சொல்லலாமா கூடாதா?


பழைய_பெங்குவின்:

தம்பி, வீட்டில் சொன்னது பாதி சரி.

பாதி ஏன் என்றால், மொய்க்கு நோட்டு உண்டு. யார் எவ்வளவு எழுதினார் என்று பார்த்து அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் திருப்பிச் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் பத்து வருடம் பேச்சு வரும். இங்கே அந்த நோட்டே கிடையாது. இது உண்டியல். உண்டியலில் போட்டுவிட்டு யாரும் குருக்களிடம் போய் என் அர்ச்சனையை முதலில் செய்யுங்கள் என்று கேட்பதில்லை. (சிலர் கேட்கிறார்கள், தெரியும். அவர்களைப் பற்றி வரிசையில் நிற்கும் மற்றவர்கள் என்ன முணுமுணுக்கிறார்கள் என்பதும் தெரியும்.) ஊரில் சின்னக் கோயில்களில் பார்த்திருப்பீர்கள், ட்யூப்லைட்டின் மேலேயே 'உபயம்' என்று போட்டு முப்பாட்டன் பெயரிலிருந்து எழுதிவைத்திருப்பார்கள், பாதி வெளிச்சம் அந்தப் பெயரிலேயே நின்றுவிடும். இஷ்யூவில் நீங்கள் எழுதிய வரி அந்த ட்யூப்லைட்.

ஆனால் கொடுக்க வேண்டும் என்று தோன்றியதே, அதற்கு ஒரு கும்பிடு. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அதுவே தோன்றுவதில்லை, எனக்கும் தோன்றவில்லை, 2014 வரை.

அந்த வருடம் ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது நான் ஷென்டன் வே பக்கம் ஓர் அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று ராத்திரி அங்கேயே படுக்கை, சான்றிதழ்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் தெரிந்த எத்தனையோ தளங்களுக்குள் இருந்தது அந்த ஓட்டை விழுந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள். அதை நடத்தும் அறக்கட்டளைக்கு நன்கொடையாக வந்துகொண்டிருந்தது வருடத்துக்குச் சுமார் 2000 அமெரிக்க டாலர் என்பதும், முழுநேரமாக அதில் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருவர் என்பதும் அப்போதுதான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது. எங்கள் மாடியில் இருந்த கோப்பி இயந்திரத்துக்கு அதைவிட அதிகம் செலவு செய்துகொண்டிருந்தோம். ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஒரு காசு கொடுத்ததில்லை. அதற்கப்புறம் லினக்ஸ் ஃபவுண்டேஷன் பெரிய கம்பெனிகளிடம் பணம் திரட்டி இப்படிப்பட்ட திட்டங்களுக்கென்றே ஒரு நிதி தொடங்கியது. வீடு பற்றி எரிந்த பிறகு லாரி லாரியாகத் தண்ணீர்.

மின்னஞ்சலை மறையாக்கம் செய்யும் ஜிஎன்யுபிஜி கதையும் கிட்டத்தட்ட அதேதான். வெர்னர் கோக் என்ற ஜெர்மானியர் 1997ல் ஆரம்பித்தது, பெரும்பாலும் அவர் ஒருவர்தான். பணமில்லாமல் விட்டுவிடலாமா என்று இருந்தவரைப் பற்றி 2015 பிப்ரவரியில் ஒரு செய்திக் கட்டுரை வந்தது. ஒன்றிரண்டு நாளில் தனிமனிதர்களிடமிருந்து மட்டும் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வந்து கொட்டியது, ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் வருடத்துக்கு ஆளுக்கு 50,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு முந்தைய மாதம்வரை அவர் எப்படி வாடகை கட்டினாரோ.

அதனால் எவ்வளவு என்று கேட்டால் என் பதில், சின்னதாக, ஆனால் மாதாமாதம். சம்பளத்தில் சிண்டாவுக்கு (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) பிடிக்கிறார்களே, 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளிவரை சம்பளத்துக்குத் தகுந்தபடி, அது போவது நமக்குத் தெரிகிறதா? அந்த மாதிரி 5 வெள்ளி போய்க்கொண்டே இருந்தால் மென்பொருள் எழுதுபவர் சர்வர் வாடகையை நம்பிக் கட்டலாம். ஒரே தடவை 60 வந்தால் சந்தோஷப்படலாம், அதை நம்பி எதையும் திட்டமிட முடியாது.


கோப்பி_ஓ:

எனக்கு இதெல்லாம் ரொம்ப ஓவராகத் தெரிகிறது அண்ணே.

அந்த ஆள் செய்தது சரியா முதலில்? கொடுத்த காசைத் திருப்பி அனுப்புவது அங் பாவ் (சீனப் புத்தாண்டு அன்பளிப்பு உறை) கொடுத்த கையிலேயே அதைத் திரும்பத் திணிப்பது மாதிரி. "நன்றி, ஆனால் ஏப்ரலுக்குள் முடியாது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நன்கொடை பட்டனை அவர்கள்தானே வைத்தார்கள்? பட்டனை வைத்துவிட்டு, காசைப் போடு, வாயைத் திறக்காதே என்றால் என்ன அர்த்தம்? 15 வெள்ளி கொடுத்துச் சாப்பிடும் இடத்தில்கூட உப்பு குறைவு என்று சொல்கிறோம். ஈசூன்காரர் மிரட்டவா செய்தார்? முடியுமா என்றுதான் கேட்டிருக்கிறார். அதோடு, மாதம் இவ்வளவு கொடுத்தால் உங்கள் பிழையை முதலில் பார்ப்போம் என்று வெளிப்படையாகப் போட்டிருக்கும் திட்டங்களை நானே பார்த்திருக்கிறேன். அப்போது அதெல்லாம் அசிங்கமா?


இரவுக்கமிட்:

நான் அந்தப் பக்கத்து ஆள். மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு சின்ன நிரல் லைப்ரரியை ஏழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன், பெயரைச் சொன்னால் என்னைப் பிடித்துவிடுவீர்கள். பகலில் ஜூரோங்கில் வேலை, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு பத்தரைக்கு மேல்தான் கணினியைத் திறப்பேன்.

கோப்பி_ஓ, சாப்பாட்டுக் கடைக் கணக்கிலேயே பேசுவோம். அந்த மடக்கும் பிழையைச் சரிசெய்ய எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்தேன். குறியீட்டை எண்ணுவதை விட்டுவிட்டு எழுத்தை எண்ண வேண்டும், அதற்கான யூனிகோடு விதியை உள்ளே கொண்டுவர வேண்டும், பழைய கோப்புகளில் வரிகள் இடம் மாறிப்போகாமல் பார்க்க வேண்டும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்று நாலு ராத்திரி போய்விடும். அதற்கு விலை என்று வைத்தால் 50 வெள்ளி இந்த ஊரில் வீட்டில் இருக்கும் ஏர்கான்களைக் கழுவக்கூடப் பத்தாது, கேட்கவே சங்கடமாக இருக்கும். அன்பளிப்பு என்று வைத்தால் 50 வெள்ளி பெரிய காசு, எனக்கு வந்திருந்தால் மனைவியை எழுப்பிக் காட்டியிருப்பேன். ஜனவரியில் அன்பளிப்பாகப் போனதை ஈசூன்காரர் மார்ச்சில் ஒரு வரி எழுதி விலையாக மாற்றிவிட்டார், விலையாக ஆன பிறகு அது ரொம்பக் குறைச்சல்.

அவர்கள் ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. இஷ்யூ எல்லாரும் பார்க்கும் இடம். அங்கே ஒருவர் ரசீதைக் காட்டிவிட்டு அவர் வேலை முதலில் முடிந்தால், அடுத்த வாரம் பத்து பேர் ரசீதோடு நிற்பார்கள். காசு கொடுக்காமல் ராத்திரி முழுக்க மொழிபெயர்த்துக் கொடுத்தவர், பிழையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதியவர், அவர்களெல்லாம் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். நானாக இருந்தால் பணத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் விட்டிருப்பேன், ஆறு மாதம் அந்த இஷ்யூவைத் திறக்கவே கூச்சப்பட்டிருப்பேன். அதைவிட அவர்கள் செய்தது நேர்மை.

'முடியுமா என்றுதானே கேட்டார்' என்கிறீர்கள். ஒருவர் கேட்டால் ஒன்றுமில்லை. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று நோண்டப்போய், எக்ஸ்இசட்டுக்குள் பின்வாசல் வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார். அந்த வாசல் வைத்த ஆள் உள்ளே எப்படி வந்தான்? 2022ல் அதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த லாஸ்ஸே காலின் என்பவரை, ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சில பெயர்களில் மாறி மாறி அரித்திருக்கிறார்கள். ரொம்ப நாளாக மனதுக்கு முடியவில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதை ஞாபகம் வையுங்கள் என்று அவரே பொதுவில் எழுதியிருக்கிறார். கடைசியில் உதவிக்கு வந்த அந்த 'நல்லவர்' கையில் சாவி போனது. ஈசூன்காரரை அவர்களோடு சேர்க்கவில்லை, சாமி சத்தியமாக. ஆனால் அந்த மடல்களைப் படித்த பிறகு 'எப்போது முடியும்' என்ற கேள்வி எங்கள் காதில் வேறு மாதிரி விழுகிறது.

என் பக்கத்தில் நன்கொடை பட்டனே கிடையாது. பெருந்தன்மையெல்லாம் இல்லை. நான் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வெளிநாட்டவர் வேலை அனுமதியில் இருக்கிறேன், பாஸில் போட்டிருக்கும் முதலாளியிடம் மட்டும்தான் வேலை பார்க்கலாம். மாதாமாதம் ஸ்பான்சர் காசு வந்தால் அது வேலையா அன்பளிப்பா என்று மனிதவள அமைச்சுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. பட்டன் இல்லாத பக்கத்தைப் பார்த்தால் இப்படி ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிடுங்கள். தேடிப்பிடித்து, பணம் அனுப்ப பேநவ் எண் கேட்காதீர்கள், ஒருவர் என் அலுவலக மின்னஞ்சலுக்கே எழுதிவிட்டார், என் மேலாளர் பார்த்திருந்தால் கதை முடிந்தது. பொருளும் அனுப்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் சீனப் புத்தாண்டு நேரத்தில் நார்வேயில் இருக்கும் ஒரு டெவலப்பருக்கு அன்னாசி டார்ட் டப்பா அனுப்பினார், அந்த மனிதர் சுங்கத்தில் கட்டணம் கட்டி நொறுங்கிப்போன மாவை வாங்கிக்கொண்டு போனார்.

கோப்பி_ஓவின் கடைசிக் கேள்விக்கு: அது அசிங்கமே இல்லை. பலகையில் விலை எழுதிப் போட்டிருந்தால் அது வியாபாரம், தாராளமாக வாங்குங்கள், வாங்கிவிட்டுக் கேள்வியும் கேளுங்கள். பலகை இல்லாவிட்டால்கூட, "எனக்கு இந்தத் திருத்தம் ஏப்ரலுக்குள் வேண்டும், கூலிக்குச் செய்வீர்களா, எவ்வளவு ஆகும்?" என்று தனியாக ஒரு மடலில் கேட்பது எங்களுக்கு உறுத்தாது. முடியாது என்று சொல்ல எங்களுக்கு இடம் இருக்கிறது. பழைய நன்கொடையை அதில் இழுக்காதீர்கள், அவ்வளவுதான்.


கணக்கு_மீனா:

நெறிமுறையை அவர்கள் பேசட்டும், நான் காசு போகும் வழியைச் சொல்கிறேன். பலருக்கு இங்கேதான் சறுக்கும்.

300ஐ நாலாகப் பிரிப்பது நியாயமாகத் தெரியும், ஆனால் நாலும் ஒரே மாதிரி வீடு இல்லை. ஆடாசிட்டி 2021 முதல் மியூஸ் குரூப் என்ற நிறுவனத்தின் கையில் இருக்கிறது, சம்பள ஆட்கள் இருக்கிறார்கள், உங்கள் 75 அங்கே போகத் தேவையில்லை. ஓபிஎஸ்ஸுக்குப் பெரிய கம்பெனிகள் ஸ்பான்சர்களாக இருக்கின்றன. இங்க்ஸ்கேப் தன்னார்வலர்கள் நடத்துவது, அதன் பணத்தை அமெரிக்காவில் இருக்கும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு வாங்கிக் கணக்கு வைக்கிறது. லிப்ரே ஆபீஸ் நன்கொடை பெர்லினில் உள்ள டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனுக்குப் போகும், நிரல் எழுதும் ஒவ்வொருவர் கைக்கும் போகாது. தரவிறக்கம் செய்யும்போது நன்கொடைப் பக்கம் வருவதைப் பார்த்துவிட்டு, காசு கட்டினால்தான் கிடைக்கும் என்று என் மாமா பயந்துபோய் மூடிவிட்டார், அப்படி ஒன்றும் இல்லை. பெயரை மட்டும் பார்த்துக் கொடுப்பதற்கு நல்ல உதாரணம் மொசில்லா. மொசில்லா அறக்கட்டளைக்குக் கொடுத்தால் அது ஃபயர்ஃபாக்ஸ் எழுதுவதற்குப் போகிறது என்று எத்தனையோ பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்குவது மொசில்லா கார்ப்பரேஷன், அறக்கட்டளை நன்கொடை வேறு வேலைகளுக்கு. அவர்களுடைய மின்னஞ்சல் மென்பொருள் தண்டர்பேர்டுக்கு மூன்றாவதாக ஒரு தனி நிறுவனம், தனி நன்கொடைப் பக்கம்.

அப்புறம் கட்டணம். வங்கியிலிருந்து நேராக வெளிநாட்டுக்கு அனுப்பினால் சின்னத் தொகையில் பாதி வழியிலேயே கரைந்துவிடும். பேபால் மாதிரி வழிகளில் ஒவ்வொரு தடவையும் ஒரு நிலையான கட்டணம் பிடிப்பார்கள், 2 வெள்ளி கொடுத்தால் அவர் கைக்குப் போவதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தின் நன்கொடை வசதியான கிட்ஹப் ஸ்பான்சர்ஸில் தனிநபர் கணக்கிலிருந்து கொடுத்தால் கிட்ஹப் எதுவும் பிடிப்பதில்லை. லிபராபே பிரான்சில் உள்ள லாப நோக்கமில்லாத அமைப்பு, தனக்கென்று பங்கு எடுப்பதில்லை, கார்டுக் கட்டணம் மட்டும் போகும். ஓப்பன் கலெக்டிவில் வரவு செலவு எல்லாமே வெளியே தெரியும், ஆனால் பெரும்பாலான மென்பொருள் திட்டங்களுக்குப் பணத்தை வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் பத்து சதவீதம் எடுத்துக்கொள்ளும். கணக்கும் சட்ட வேலையும் அவர்கள் பார்ப்பதால் நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். பழைய பெங்குவின் ஐயா சொன்ன மாதம் 5 வெள்ளி நல்ல யோசனைதான், ஆனால் ஒரே திட்டத்துக்குக் கொடுங்கள், அஞ்சு திட்டத்துக்கு ஒவ்வொரு வெள்ளியாகத் தூவினால் கட்டணம்தான் சாப்பிடும். எதுவாக இருந்தாலும் திட்டத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும் இணைப்பு வழியாகவே போங்கள், தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தை நம்பாதீர்கள்.

வரிச்சலுகை எதிர்பார்க்காதீர்கள். இங்கே இரண்டரை மடங்கு கழிவு என்பது ஐபிசி என்ற அறநிறுவனத் தகுதி உள்ள உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான், பெர்லினுக்கும் நியூயார்க்குக்கும் கொடுப்பது அதில் வராது. உங்கள் குழுப் பணம் என்பதால் கூட்டக் குறிப்பில் ஒரு வரி எழுதி, வரும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த வருடம் யாராவது கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். இன்னொன்று, உற்சாகத்தில் சமூக மன்ற வாசலில் உண்டியல் வைத்து வெளிநாட்டு அமைப்புக்கு வசூல் செய்துவிடாதீர்கள். வெளிநாட்டு அறப்பணிக்கென்று பொதுமக்களிடம் பணம் திரட்ட இங்கே அனுமதி வாங்க வேண்டும். உங்கள் சொந்தக் காசை அனுப்ப யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.


கோப்பி_ஓ:

சரி, திருத்தம் விற்பனைக்கு இல்லை என்பது புரிந்தது. ஆனால் இவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் என்றால் நேராகச் சம்பளமே கொடுத்துவிட்டால் என்ன? உண்டியல், உபயம் என்றெல்லாம் சுற்றி வளைக்காமல்.


பழைய_பெங்குவின்:

கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்தில் 2006ல் டங்க்-டேங்க் என்று ஒன்று. அடுத்த வெளியீடு, எட்ச், டிசம்பரில் வந்தாக வேண்டும் என்று வெளியீட்டு மேலாளர்கள் இருவருக்கு மட்டும் வெளியே நிதி திரட்டிச் சம்பளம் கொடுத்து முழுநேரமாக உட்காரவைத்தார்கள். மீதி ஆயிரம் பேருக்கு எப்படி இருந்திருக்கும்? அவருக்குக் காசு, எனக்கு மட்டும் தொண்டா என்று சிலர் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள், சண்டை மடல்கள் மலைமலையாக. எட்ச் வந்தது 2007 ஏப்ரலில். கல்யாண வீட்டில் பரிமாறும் பத்து பையன்களில் இரண்டு பேருக்கு மட்டும் கூலி கொடுத்துப் பாருங்கள், சாம்பார் வாளி எங்கே நிற்கும் என்று தெரியும். அதற்காகச் சம்பளமே கூடாது என்று நான் சொல்லவில்லை, பல திட்டங்கள் இன்று ஆள் வைத்து நன்றாகவே நடத்துகிறார்கள். யாருக்கு, எதற்கு என்று உள்ளே இருப்பவர்கள் முடிவு செய்ய வேண்டும், வெளியே இருந்து நாம் ஒருவர் பையில் திணிக்கக் கூடாது.

பல இடங்களில் காசு உண்மையில் போவது இன்னும் சப்பையான செலவுகளுக்கு. 2014 தொடக்கத்தில் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் ஆட்கள் கேட்டது மின்சாரக் கட்டணம், 20,000 டாலர், இல்லாவிட்டால் சர்வர்களை அணைக்க வேண்டியதுதான் என்ற நிலை. கரண்ட் பில்லுக்கு யாரும் பெயர்ப்பலகை கேட்பதில்லை, அதனால்தான் அதற்குக் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. 'இன்ன வசதிக்கு மட்டும்' என்று குறிப்பு எழுதாமல் கொடுங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

ஈசூன் தம்பி, உங்கள் 300க்கு ஒரு யோசனை. லிப்ரே ஆபீஸிலும் இங்க்ஸ்கேப்பிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் 'கொ' என்று அடித்தால் கொம்பு இடப்பக்கம் போய், கால் வலப்பக்கம் நின்று ஒழுங்காகத் தெரிகிறதே, அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்று கண்ணுக்கே தெரியாத ஒன்று. உங்கள் சப்டைட்டில் மென்பொருளுக்கு அடியிலும் இப்படி நாலு இருக்கும், 'பற்றி' மெனுவில் போட்டிருப்பார்கள். மேலே பெயர் தெரிந்ததற்கே எல்லாரும் கொடுக்கிறார்கள், ஒரு தடவை கீழேயும் எட்டிப் பாருங்கள்.


ஈசூன்காரன்:

எல்லாருக்கும் நன்றி. திட்டு குறைவாகத்தான் விழுந்தது.

இரவுக்கமிட் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அன்றைக்கு ராத்திரியே அந்த இஷ்யூவில் என் வரியை எடுத்துவிட்டு, அவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுதினேன். நாலே வரி. நன்கொடையை அங்கே இழுத்தது தப்பு, அவசரத்தில் எழுதிவிட்டேன், திருத்தம் எப்போது வந்தாலும் சரி, நாலு வருடமாக எங்கள் ஊர்த் தாத்தாக்கள் பேசியதை எழுத்தில் போட உங்கள் மென்பொருள்தான் உதவியது. கூடவே போன வருடப் பேட்டி ஒன்றின் இணைப்பு. பணத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை, திரும்ப அனுப்பட்டுமா என்றும் கேட்கவில்லை.

பத்து நாள் சத்தமே இல்லை. நேற்று பதில் வந்தது. வீடியோ முழுவதையும் பார்த்தார்களாம், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும். பிழையைத் தொடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் வேறு: அவர்கள் இருவருக்கும் தமிழ் எழுத்து தெரியாது, சரியாக வெட்டியிருக்கிறதா தப்பாக வெட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை, பாதி எழுதிய நிரல் போன கோடையிலிருந்து ஒரு கிளையில், அதாவது வெளியிடாத தனிப் பிரதியில், கிடக்கிறதாம். சோதித்துச் சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் 'முடியுமா' என்று கேட்டதைப் பார்த்து மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, விடுங்கள்.

பழைய பேட்டிகளிலிருந்து நாற்பது வரி எடுத்து ஓட்டிப் பார்த்தேன். புள்ளி இப்போது தனியாக ஓடுவதில்லை, 'கொ' உடைவதில்லை. ஆனால் 'லக்ஷ்மி' இன்னும் க் ஒரு வரி, ஷ் ஒரு வரி என்று பிரிகிறது, 'ஸ்ரீ'யும் அப்படியே ஸ் தனி, ரீ தனி. யூனிகோடின் பொது விதியில் அவை இரண்டிரண்டு எழுத்தாகத்தான் வருகின்றனவாம், தமிழுக்கென்று தனியாக ஒரு பட்டியல் கொடுத்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். இந்த ஏப்ரலுக்குக் கையால்தான் உடைக்கப் போகிறேன், அது முடிவாகிவிட்டது.

300 வெள்ளியில் 150 இங்க்ஸ்கேப்புக்கு, மீனா அக்கா சொன்னபடி கூட்டக் குறிப்போடு. மீதி 150க்கு 'பற்றி' மெனுவைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம், அங்கே ஒரு ஊரே இருக்கிறது, யாருக்கென்று இன்னும் முடிவாகவில்லை.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது சொற்கள். க்ஷ, ஸ்ரீ வருகிற, வரி மடங்கும் அளவுக்கு நீளமான சொற்கள் யாரிடமாவது இருந்தால் போடுங்கள். லக்ஷ்மிநாராயணன், ஸ்ரீரங்கநாதர் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன.


கோப்பி_ஓ:

தக்ஷிணாமூர்த்தி. ஸ்ரீவில்லிபுத்தூர். பக்ஷணங்களையெல்லாம்.

ரசீது வேண்டாம்.